உள்ளே வருவது என்ன தண்ணீர்? கண்ணமங்கலம் உறைகிணறுகளைப் பார்த்தபோது எழுந்த கேள்வி!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி வலது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், கணியம்பாடி தாண்டியதும் மலை கூடவே வரத் தொடங்கும். முதலில் தூரத்தில் நீலமாக, பிறகு மரங்கள் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். ஜவ்வாது மலை. சுமார் 25 கிலோமீட்டர் போனால் கண்ணமங்கலம் வந்துவிடும். இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஆரணிக்கு, இன்னொன்று போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள், ஆரணிக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், கிரிவலத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லாருக்கும் இது 'வழியில் வருகிற ஊர்'. இறங்கி நின்று பார்ப்பவர்கள் குறைவு.

நீங்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இந்த ஊருக்கு ஒரு நதி இருக்கிறது. பெயர் நாகநதி.

மேற்கே அமிர்தி காட்டுப் பக்கம் பிறந்து வருகிறது இந்த ஆறு. வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் பள்ளிக்கூடத்து சுற்றுலா ஞாபகம் வரும். 1967-ல் தொடங்கிய சின்ன விலங்கியல் பூங்காவும், மழைக்காலத்தில் மட்டும் தரிசனம் தருகிற அருவியும் அங்கேதான். அந்த மலைத் தண்ணீர் கண்ணமங்கலம் பக்கம் இறங்கி, படவேட்டிலிருந்து வருகிற கமண்டல நதியோடு சேர்ந்து, 'கமண்டல நாகநதி' என்று இரட்டைப் பெயரோடு ஆரணிக்குப் போகிறது. பிறகு செய்யாறு. அதற்கப்புறம் பாலாறு.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் அந்த வழியில்தான் போகப்போகிறது.

நூறு நாள் வேலையில் திரும்பி வந்த நதி

நாகநதி பல வருடங்களாகக் காய்ந்து கிடந்த ஆறு. மழை பெய்தால் ஓடும், மழை நின்றால் மணல் மட்டும் மிஞ்சும். ஆழ்துளைக் கிணறுகள் ஆழம் போகப் போக, மேல் கிணறுகள் வற்றின. இந்தப் பக்கத்தில் தரைக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. காவிரி டெல்டாவில் இருப்பதுபோல ஆழமான மணல் படுகை கிடையாது. பாறையின் வெடிப்புகளில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறதோ, அவ்வளவுதான் கையிருப்பு.

2014-க்குப் பிறகு இங்கே ஒரு வேலை நடந்தது. 'வாழும் கலை' அமைப்பின் வழிகாட்டலோடு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் இறங்கினார்கள். வேலூர் மாவட்டத்தில் மட்டும் இந்த வேலையில் கை கொடுத்த பெண்கள் சுமார் 20,000 பேர். ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் கட்டினார்கள். ஓடும் தண்ணீர் கொஞ்சம் நின்று போகிற இடங்களில் குழி தோண்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உறைகிணறுகள் அமைத்தார்கள். இவை தண்ணீர் இறைப்பதற்கான கிணறுகள் இல்லை. தண்ணீரை உள்ளே அனுப்புவதற்கான கிணறுகள். மழைத் தண்ணீர் ஓடிப் போய்விடாமல், நேராகப் பாறை வெடிப்புக்கு வழிகாட்டுகிற வாசல்கள்.

பலன் கிடைத்தது. கிணறுகளில் நீர் மட்டம் ஏறியது, ஆற்றில் தண்ணீர் தெரிந்தது. 2021 செப்டம்பர் 26 அன்று, உலக நதிகள் தினத்தில், 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி நாகநதியை எடுத்துச் சொன்னபோது, வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்களின் வேலை இந்தியா முழுக்கத் தெரிந்தது.

இதுவரை எல்லாரும் சந்தோஷமாகப் பகிர்ந்த கதை. ஆனால், கண்ணமங்கலத்தில் கழனி ஓரமாக நடக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது. உறைகிணற்றின் வாசல் மழைக்கு மட்டுமா திறந்திருக்கிறது? கழனியிலிருந்து வழிந்து வருகிற தண்ணீருக்கும் அதே வாசல்தானே?

மேல் கழனித் தண்ணீர், கீழ் கழனிக்கு

இந்தப் பகுதியின் விவசாயத்தைப் புரிந்துகொள்ள ஒரு மழை நாள் போதும். மலையிலிருந்து வருகிற தண்ணீர் முதல் ஏரியில் நிற்கும். அது நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஏரியின் மதகைத் திறந்தால் மேல் கழனிக்குப் பாயும். மேல் கழனி குடித்தது போக மிச்சம் கீழ் கழனிக்கு. கீழ் கழனியின் வடிகால் ஓடைக்கு, ஓடை ஆற்றுக்கு.

அதாவது, 'மறுசுழற்சி நீர்' என்பது நமக்குப் புதிய விஷயமே இல்லை. ஒரே தண்ணீரை நாலு பேர் பயன்படுத்துவதுதான் ஏரிப் பாசனத்தின் கெட்டிக்காரத்தனம். மாட்டுச் சாணமும் இலைதழையும் கரைந்த மேல் கழனித் தண்ணீர் வந்தால், கீழ் கழனிக்காரருக்கு அது உரம்.

மாறியது முறை இல்லை, அந்தத் தண்ணீருக்குள் இருக்கிற பொருள். யூரியா வந்தது, பூச்சிமருந்து வந்தது. இப்போது நகரங்கள் வளர வளர, சாக்கடை நீரைச் சுத்திகரித்து விவசாயத்துக்கு விடுவோம் என்ற யோசனையும் வருகிறது.

அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023.6 கோடி லிட்டர்தான். நூற்றுக்கு 28. மிச்சம் அப்படியே ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. இதையெல்லாம் சுத்தம் செய்து வயலுக்குக் கொடுத்தால், மழை பொய்த்த வருடத்திலும் விவசாயிக்குத் தண்ணீர் உறுதி. உரச் செலவும் குறையும், ஏனென்றால் கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏற்கெனவே இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், அந்தத் தண்ணீர் கழனியோடு நின்றுவிடுவதில்லை. மேலே சொன்ன அதே பழைய வழியில் அடுத்த கழனிக்கும், ஓடைக்கும், நாகநதி போன்ற இடமாக இருந்தால் உறைகிணற்றுக்கும் போகும். என்னவெல்லாம் கூடப் போகும் என்பதற்கு ஒரு பாடம், இந்த மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை எல்லாப் பக்கமும் இறங்குகிறது. கிழக்கே இறங்குவது நாகநதி, கமண்டல நதி, செய்யாறு. வடக்கே இறங்குகிற ஓடைகள் பாலாற்றில் சேர்கின்றன. அந்தப் பாலாற்றுப் படுகையில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே மலையின் தண்ணீர், இரண்டு விதி.

தோல் பதனிட உப்பு வேண்டும், குரோமியம் வேண்டும், ஏராளமான தண்ணீரும் வேண்டும். பதனிட்டு முடித்த கழிவுநீர் பல வருடங்கள் நிலத்திலும் ஓடையிலும் ஆற்றிலும் விடப்பட்டது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் பதிவான விவரங்களை இன்று படித்தாலும் மனசு கனக்கும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் பயன்படும் ரசாயனங்கள் சுமார் 170 வகை. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்', 'கெடுதல் வரும் முன்பே காக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும், முதலில் சொல்லித் தருகிற வழக்குகளில் ஒன்று இது. வேலூர் பெயரில் இருக்கும் வழக்கு.

ஆனால், தீர்ப்பு வந்த வேகத்தில் மண் திரும்பி வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றி ஒரு தீர்ப்பு தர வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும், ஆற்றைச் சீர்செய்ய ஒரு குழு வேண்டும் என்று. முதல் வழக்குப் போட்டபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.

கொங்கு நாட்டுக்குப் போனால் நொய்யல் கதை. சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து நிறைந்ததில், அந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. அணை கட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்டுத்தான் நாம் பார்த்திருக்கிறோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் கிணறுகளும் மண்ணும் உப்பேறியிருந்தன.

தாத்தாவின் சுகர் மாத்திரை எங்கே போகிறது?

'அதெல்லாம் தொழிற்சாலைக் கழிவு. வீட்டுச் சாக்கடையில் என்ன இருக்கப்போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பதில் நம் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

சர்க்கரை நோய்க்குத் தருகிற மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு அதைச் சிதைப்பதில்லை. வேலையை முடித்ததும் சிறுநீரில் அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறது. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வலிப்பு மாத்திரை என்று பல மருந்துகள் கொஞ்சமோ அதிகமோ இப்படி வெளியேறுகின்றன. கூடவே சோப்பு, ஷாம்பூ, துணி துவைக்கும் பவுடர். காலாவதியானது என்று கழிப்பறையில் கொட்டுகிற சிரப் தனி.

சுத்திகரிப்பு நிலையம் இதையெல்லாம் எடுத்துவிடாதா? பெரும்பாலான நிலையங்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மலக்கழிவைச் சிதைப்பது, கலங்கலைத் தெளிய வைப்பது, நோய்க்கிருமியைக் குறைப்பது, இவைதான் அவற்றின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தாலே பெரிய விஷயம். வெளியே வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், நாற்றம் இருக்காது. ஆனால், கரைந்திருக்கிற உப்பு அப்படியே இருக்கும், மருந்துகளில் சில தப்பித்து வரும். நம் நாட்டில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான விதிகளில் மருந்துகளுக்கு என்று அளவு எதுவும் இல்லை. அதனால், நிலையம் எல்லா விதியையும் பின்பற்றினாலும் மருந்தை யாரும் அளந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இஸ்ரேல் தன் கழிவுநீரில் 90 சதவிகிதத்தை நெருங்கிய அளவுக்குச் சுத்திகரித்து விவசாயத்துக்குத் தருகிற நாடு. அங்கே 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 34 பேருக்கு இருவிதக் காய்கறிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று நல்ல தண்ணீரில் விளைந்தது, இன்னொன்று சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்தது. இரண்டாவதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து தெரிந்தது. அவர்கள் யாரும் அந்த மாத்திரையை விழுங்கவில்லை. காய்கறியில்தான் வந்தது.

பயப்பட வேண்டாம். அந்த அளவு மிக மிகக் குறைவு, மாத்திரையில் இருக்கிற அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால், மனிதன் விழுங்கிய மருந்து சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், வயல், செடி எல்லாவற்றையும் கடந்து இன்னொரு மனிதனுக்கு வந்து சேர முடியும் என்பது அன்று நிரூபணமானது.

அளவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகள் அதிகம். அவற்றின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியே வந்த நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின். மாத்திரை சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இத்தனைக்கும் அது 'சுத்திகரித்த' நீர். இப்படிப்பட்ட தண்ணீரில் வாழப் பழகுகிற கிருமிகளுக்கு, நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

கழனி எதைப் பிடிக்கும், எதை விடும்?

மண் ஒரு நல்ல வடிகட்டி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1960-களிலிருந்து, தன் வளாகத்தின் சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விடாமல் வயலிலும் காட்டிலும் தெளித்துவருகிறது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'உயிருள்ள வடிகட்டி'. மண்ணும், அதில் வாழும் நுண்ணுயிர்களும், பயிரின் வேரும் சேர்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்பதால் அந்தப் பெயர்.

ஆனால் வடிகட்டிக்கும் எல்லை உண்டு. மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, எல்லாப் பொருளும் மண்ணில் ஒட்டாது. சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி சில மருந்துகள் மண் துகளோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மழையில் மண் அரித்துப் போகும்போதுதான் அதுவும் போகும். கார்பமசெபின் போன்றவை அவ்வளவாக ஒட்டாது, தண்ணீரோடு தண்ணீராகப் போகும். யூரியாவிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற நைட்ரேட்டும் அப்படித்தான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது, பால் பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பச்சைக் குழந்தை. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாயும்.

இரண்டாவது, உப்பு வடிகட்டியையே கெடுத்துவிடும். களிமண் துகள்கள் பொலபொலவென்று சேர்ந்திருக்கக் கால்சியம் உதவுகிறது. கழிவுநீரில் வருகிற சோடியம் அந்த இடத்தைப் பிடித்தால், துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே ஏடு கட்டியதுபோல இறுகிவிடும். அப்புறம் பெய்கிற மழை உள்ளே இறங்காது, வழிந்து ஓடும். அதாவது, கழிவுநீர் பாய்ந்த வயலிலிருந்து வழிந்தோடும் தண்ணீர் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவதுதான் கண்ணமங்கலத்துக்கு முக்கியம். மண் வடிகட்டுகிற வேலை பெரும்பாலும் மேல் மண்ணில், வேரும் நுண்ணுயிரும் இருக்கிற அந்த ஓரிரு அடியில் நடக்கிறது. உறைகிணறு அந்த மேல் மண்ணைத் தாண்டித் தண்ணீரை நேராகக் கீழே அனுப்புவதற்காகவே தோண்டப்படுகிறது. அதன் கீழே இருப்பது பாறை வெடிப்பு. வெடிப்பில் தண்ணீர் வேகமாக ஓடும். அங்கே வடிகட்ட ஆள் கிடையாது.

மழைத் தண்ணீர் வரும்வரை இது வரம். நாளைக்கு மேட்டுக் கழனியில் கழிவுநீர் பாய்ந்து, அதன் வடிகால் ஓடைக்கு வந்தால், அதே உறைகிணறு அந்தத் தண்ணீரையும் அதே வேகத்தில் ஊர்க் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆற்றில் ஓடுகிற கெட்ட தண்ணீர் ஒரு வெள்ளத்தில் அடித்துப் போகும். பாறைக்குள் இறங்கியதை வெளியே எடுக்க யாராலும் முடியாது. பாலாற்றங்கரைக் கிணறுகள் அதற்குச் சாட்சி.

மூன்று ஆறுகள் சேரும் இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி

கண்ணமங்கலத்திலிருந்து தண்ணீர் போகிற வழியில் நாமும் போவோம். ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். இரண்டுமே தண்ணீரை நம்பிய தொழில். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி அலசத் தண்ணீர், புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்கத் தண்ணீர். இங்கே நாகநதி கெட்டால், கழனிக்காரர் மட்டுமல்ல, தறிக்காரரும் அரிசி ஆலைக்காரரும் சேர்ந்து கவலைப்பட வேண்டியிருக்கும்.

ஆரணி தாண்டிச் செய்யாற்றோடு கலந்து, கடைசியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல். பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடுகிற இடம், அதனால்தான் அந்தப் பெயர். ஜவ்வாது மலையின் வடக்கே இறங்கித் தோல் ஊர்களைக் கடந்து வந்த தண்ணீரும், கிழக்கே இறங்கிக் கண்ணமங்கலத்தைக் கடந்து வந்த தண்ணீரும் இங்கே ஒன்றாகின்றன. மழைக்காலத்தில் போனால் ஆற்றின் அகலத்தைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் மணலைப் பார்க்கலாம்.

கரையில் இருக்கிற வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. இந்தக் கோயிலைச் சேர்ந்த ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, பற்றி அது விவரமாகச் சொல்கிறது. 15 படுக்கைகள். வைத்தியர், அறுவை செய்கிறவர், நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள், மூலிகை கொண்டுவருகிறவர்கள் என்று யார் யாருக்கு என்ன கூலி என்பது வரை கணக்கு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் இருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்பு, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்ன மருந்து இருந்தது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் எழுதிவைத்தார்கள். இன்று இதே ஆறுகளின் தண்ணீரில் என்ன மருந்து இருக்கிறது என்பதை வழக்கமாக அளந்து எழுதி, ஊர் மக்கள் பார்க்கிற இடத்தில் வைக்கிற ஏற்பாடு நம்மிடம் இல்லை. நாம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

என்ன செய்யலாம்?

கழிவுநீரே வேண்டாம் என்று சொல்வது சுலபம். அது தீர்வில்லை. சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதைவிட, சுத்திகரித்துப் பயன்படுத்துவது ஆயிரம் மடங்கு மேல். எங்கே, எதற்கு, எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும்.

* சென்னை ஒரு வழி காட்டியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் சாக்கடை நீரைச் சவ்வு வடிகட்டி வரை கொண்டுபோய் உயர்தரமாகச் சுத்திகரித்து, தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். ஆலைகள் கழிவுநீரை எடுத்துக்கொண்டால், நல்ல தண்ணீர் மனிதருக்கும் கழனிக்கும் மிஞ்சும்.

* விவசாயத்துக்குத்தான் என்றால் பயிரைத் தேர்ந்தெடுக்கலாம். பச்சையாகச் சாப்பிடுகிற கீரை, கொத்தமல்லி, கேரட், வெள்ளரிக்கு வேண்டாம். மரப்பயிர், பூச்செடிக்கு விடலாம். வாய்க்காலில் பாய்ச்சாமல் சொட்டுநீரில் விட்டால் வழிந்தோடுவதே பாதி தீர்ந்துவிடும்.

* தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கலாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் உப்பு அளவு தெரிந்துகொள்ளலாம். சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சம் போட்டு ஓரளவு மீட்கலாம். ஆனால் முதல் வருடமே பார்க்க வேண்டும், மண் இறுகின பிறகு இல்லை.

* கழனியின் கீழ் வரப்பில் வெட்டிவேர் அல்லது அடர்ந்த புல் சில அடி அகலத்துக்கு வளர்த்தால், அரித்து வருகிற மண்ணும் அதில் ஒட்டிய ரசாயனமும் அங்கேயே நிற்கும். உறைகிணற்றுக்கு முன்னால் ஒரு வண்டல் குழி இருந்தால் இன்னும் நல்லது. கழனி வடிகால் நேராக வந்து விழுகிற இடத்தில் புதிய உறைகிணறு தோண்டாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

* வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்று. மிச்சமான மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். கேரளத்தில் 2025-ல், பயன்படுத்தாத மருந்துகளை வீடுகளிலிருந்து சேகரித்துப் பாதுகாப்பாக அழிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஒரு பெட்டி வைக்கக் கேட்கலாம்.

செலவு யாருடையது?

இதற்கெல்லாம் பணம் வேண்டும். கீழ் கழனிக்காரர் அந்தச் செலவை ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. அவர் அந்த மருந்தைத் தயாரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் மருந்து எச்சங்களை நீக்கும் கூடுதல் படி வர வேண்டும். அந்தக் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவிகிதத்தை மருந்து, அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள் தர வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டிருக்கின்றன. ஆனால், அந்தச் சட்டத்தின் அடிப்படை என்ன தெரியுமா? 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்.' நம் வேலூர் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய அதே கொள்கை. நமக்குப் புதிய கொள்கை தேவையில்லை. இருப்பதைச் சாக்கடைத் தண்ணீர் வரைக்கும் நீட்டினால் போதும்.

இரண்டாவது கொள்கை, கெடுதல் வரும் முன்பே காப்பது, கண்ணமங்கலம் மாதிரி ஊர்களுக்கானது. பாலாற்றங்கரையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கிணறு கெட்ட பிறகுதான் வழக்கு, தீர்ப்பு, இழப்பீடு எல்லாம் வந்தன. நாகநதிக் கரையில் நேரம் இருக்கிறது. நாளை பக்கத்து நகரம் ஏதாவது தன் சுத்திகரித்த நீரைப் பாசனத்துக்குத் தருகிறேன் என்று வந்தால், கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேட்கலாம். இதில் உப்பு எவ்வளவு? மருந்து இருக்கிறதா என்று யார் அளந்தது? கழனியிலிருந்து வழிகிற தண்ணீர் எந்த ஓடைக்குப் போகும், அந்த ஓடையில் எத்தனை உறைகிணறு இருக்கிறது? பதில் எழுத்தில் வந்த பிறகு மதகைத் திறக்கலாம்.

இந்த உறைகிணறுகளைத் தோண்டிய பெண்களுக்குக் கிடைத்தது நூறு நாள் வேலையின் தினக்கூலி. அந்தப் பணம் அன்றன்று வீட்டுச் செலவுக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது இந்தக் கிணறுகளும், அவற்றில் ஏறிய நீர் மட்டமும்தான். அடுத்த முறை படவேட்டுக்கோ கிரிவலத்துக்கோ போகும்போது கண்ணமங்கலத்தில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். மழைக்காலமாக இருந்தால் ஆற்றுப் பக்கம் போய், ஓடைத் தண்ணீர் உறைக்குள் இறங்குகிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.